ஸ்கூட்டரும் கடலும் நாற்பது டிகிரியும்

சொந்த ஸ்கூட்டரைக் கடல் கடந்து கொண்டுபோகப் போகிறேன் என்றால் கேட்பவர் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான்: அங்கேயே வாடகைக்குக் கிடைக்காதா? கிடைக்கும். ஒரே நாட்டுக்குள் சில வாரம் சுற்றிவிட்டுத் திரும்புவதென்றால் வாடகை வண்டிதான் புத்திசாலித்தனம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் எல்லை தாண்டிப் போவதற்கு வாடகைக்கு விடுபவர் லேசில் சம்மதிக்க மாட்டார். மாதக்கணக்கில் நீளும் பயணத்துக்கு வாடகை கட்டுப்படியாகாது. அப்புறம் இன்னொன்று: பழகின வண்டியில் எது வழக்கமான சத்தம், எது புதுச் சத்தம் என்று காது தானாகவே பிரித்துச் சொல்லிவிடும். வெயில் கொளுத்தும் இடத்தில், ஆளில்லாத சாலையில், அது சின்ன விஷயம் இல்லை.

ஸ்கூட்டர் இதையெல்லாம் தாங்குமா என்று கேட்பவர்களுக்கு நான் ஜார்ஜோ பெத்தினெல்லியைத்தான் சொல்வது. இத்தாலிக்காரர். 1992இல் ரோமிலிருந்து வெஸ்பாவில் கிளம்பி வியட்நாமின் சைகோன் வரை ஓட்டிப் போனார். பிறகு அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் கடைக்கோடி வரை. சின்னச் சக்கரம், சின்ன இன்ஜின், அவ்வளவுதான். வண்டி தாங்கும். தாங்காமல் போவது பெரும்பாலும் நம்முடைய ஏற்பாடு. இந்தப் பயணத்தின் முக்கியமான முடிவுகளை எல்லாம் கிளம்பும் முன்பே, நிழலில் உட்கார்ந்து, நிதானமாக எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. துறைமுக கவுண்டரில் அவசரத்தில் எடுக்கிற முடிவும் சரி, உச்சிவெயிலில் எடுக்கிற முடிவும் சரி, உருப்படுவதில்லை.

கப்பலா, விமானமா என்பது முதல் முடிவு. இங்கே எடையைவிடப் பெட்டியின் அளவுதான் காசு. கப்பலில் பலருடைய சரக்கோடு சேர்த்துக் கண்டெய்னரில் அனுப்பும்போது ஒரு கனமீட்டரை 1,000 கிலோவுக்குச் சமமாக வைத்து, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். ஸ்கூட்டர் எந்த நாளும் எடையில் ஜெயிக்காது, கனஅளவில்தான் மாட்டும். விமானத்தில் ஒரு கனமீட்டர் என்பது சுமார் 167 கிலோ என்று கணக்கு. கண்ணாடி, வைசர் எதையும் கழற்றாமல் 1.9 மீட்டர் நீளம், 0.7 அகலம், 1.15 உயரத்தில் பெட்டி செய்தால் அது 1.53 கனமீட்டர், அதாவது சுமார் 255 கிலோ. முன்சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டில்பாரை இறக்கி, 1.7, 0.65, 0.95 என்று அடக்கினால் 1.05 கனமீட்டர், 175 கிலோ. வண்டி அதேதான், எடையும் ஏறக்குறைய அதேதான். ஒரு மதியம் ஸ்பானரோடு உட்கார்ந்தால் கட்டணத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதனால் பெட்டி செய்பவரிடம் முழு வண்டியைக் காட்டி அளவெடுக்கச் சொல்லாமல், கழற்றி வைத்த பிறகு அளவெடுக்கச் சொல்லுங்கள்.

பெட்டிக்கு எந்த மரமும் ஆகாது. மரத்தோடு பூச்சி நாடு விட்டு நாடு போகாமல் இருக்க ஐஎஸ்பிஎம் 15 என்றொரு சர்வதேச விதி இருக்கிறது. வழக்கமான வழி இது: மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடமாவது இருக்கும்படி சூடாக்கி, எச்டி (HT, சூடாக்கியது) என்ற முத்திரை குத்தியிருக்க வேண்டும். முத்திரை இல்லாத மரத்தில் அடைத்து அனுப்பினால் போய்ச் சேரும் இடத்தில் பெட்டியைத் திருப்பி அனுப்பலாம், அழிக்கவும் செய்யலாம். ஒட்டுப்பலகைக்கு இந்தத் தொல்லை இல்லை.

உள்ளே வண்டியைக் கட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. பைக்கில் வெளியே தெரிகிற சட்டகம் ஸ்கூட்டரில் பிளாஸ்டிக்குக்குள் ஒளிந்திருக்கும். வார்ப்பட்டையை எங்கே போட்டு இழுத்தாலும் ஏதாவது ஒரு பேனல் நெரியும். கால் வைக்கும் பலகைக்கு அடியிலும் பின்பக்கக் கைப்பிடிச் சட்டத்தின் வேரிலும் உலோகம் எங்கே வருகிறது என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் கட்ட வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டவே கூடாது. கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் ஸ்டாண்டு மடங்கிவிடும். கழற்றாத சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, சஸ்பென்ஷன் பாதி அமுங்கும் அளவுக்கு இழுத்தால் போதும். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் சுற்றிவிடத் தோன்றும், செய்யாதீர்கள். வெயிலில் கிடக்கும் கண்டெய்னரின் உள்ளே பகலில் 50 டிகிரிக்கு மேல் போகும், இரவில் குளிர்ந்ததும் கூரையில் நீர் கோத்துச் சொட்டும். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால் வாரக்கணக்கில் அங்கேயே இருக்கும். போல்ட், நட்டு, புகைக்குழாய் மூட்டு ஆகியவற்றில் லேசாக எண்ணெய் தடவி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் சிலவற்றைத் தொங்கவிட்டுக் காற்றோட்டமாக விடுவதே நல்லது.

பெட்ரோலில் ஓடும் வண்டி சரக்குலகில் ஆபத்தான பொருள். யுஎன் 3166, ஒன்பதாம் வகுப்பு என்று அதற்கு எண்ணே இருக்கிறது. டேங்கை வடித்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, முனைகளுக்கு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்க வேண்டும். விமானத்தில் டேங்கின் கால் பங்குக்கு மேல் எரிபொருள் இருக்கக் கூடாது என்பது விதி. நடைமுறையில் சொட்டு இல்லாமல் வடிக்கச் சொல்வார்கள். வடித்ததைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பெட்டி மூடிய பிறகு யாராவது கேட்பார்கள்.

காகிதம் பற்றிப் பேசத் தொடங்கினால் முடியாது, ஆனால் கார்னெட்டைத் தாண்டிப் போக முடியாது. வண்டியின் பாஸ்போர்ட் என்று சொல்லிவிடலாம். வரி கட்டாமல் ஒரு நாட்டுக்குள் தற்காலிகமாக வண்டியைக் கொண்டுபோய், திரும்ப வெளியே எடுத்துவிடுவேன் என்பதற்கான உத்தரவாதப் புத்தகம் அது. வாகன ஓட்டிகள் சங்கம் டெபாசிட்டோ வங்கி உத்தரவாதமோ வாங்கிக்கொண்டு கொடுக்கும், ஓர் ஆண்டு செல்லும். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று துண்டுகள். உள்ளே நுழையும்போது ஒன்றைச் சுங்கத்தில் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது இன்னொன்றை. மூன்றாவது நம்மிடமே இருக்கும், அதில் இரண்டு முத்திரையும் விழ வேண்டும். எல்லா நாடும் கார்னெட் கேட்பதில்லை. எல்லையிலேயே தற்காலிக இறக்குமதிச் சீட்டு கொடுத்துவிடும் நாடுகள் பல. வழியில் ஒரே ஒரு நாடு கேட்டாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் பதிவுச் சான்றோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு வைப்பது எனக்குப் பழக்கம். பதிவுச் சான்றில் ஓ என்ற எழுத்து, வண்டியில் சுழியம். இதற்காக ஒரு சுங்க அலுவலகத்தில் நண்பர் ஒருவர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். சேஸிஸ் நம்பர் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி ஒன்று கையில் இருந்தால், பாதி பிரித்த பெட்டிக்குள் டார்ச் அடித்துக் காட்டும் வேலை மிச்சம்.

லைசென்ஸ் விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று: சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒரே வகை இல்லை. 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி ஒன்று, 1968 வியன்னா உடன்படிக்கைப்படி இன்னொன்று. ஜப்பான் போன்ற நாடுகள் 1949 வகையைத்தான் ஏற்கும். எதுவானாலும் அதில் இருசக்கர வண்டிக்கான ஏ பிரிவில் முத்திரை இருக்க வேண்டும். கார் லைசென்ஸை வைத்து ஸ்கூட்டர் ஓட்டிவிடலாம் என்று போனால், போலீஸ் விட்டாலும் விபத்து நடந்த அன்று காப்பீட்டு நிறுவனம் விடாது. ஜப்பானில் 125 சிசி வரையான வண்டிகள் விரைவுச்சாலையில் ஏறவும் முடியாது. இப்படி சிசி பார்த்துத் தடுக்கும் நாடுகள் வேறும் உண்டு. சின்ன ஸ்கூட்டர்காரர்கள் வரைபடத்தைப் பார்த்து வழி போடும்போதே இதையும் பார்த்துவிட வேண்டும்.

கப்பல் காப்பீடு எதற்கு, பழைய ஸ்கூட்டர்தானே என்பவர்களுக்கு எவர் கிவன் ஞாபகம் இருக்கும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே சிக்கிக்கொண்ட கப்பல். மீட்ட பிறகு கப்பல் உரிமையாளர் பொதுச் சராசரி என்ற பழைய கடல் விதியைக் கையில் எடுத்தார். கப்பலைக் காப்பாற்ற ஆன செலவைச் சரக்கு வைத்திருந்த அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. பெட்டியில் கீறல்கூட விழாதவர்களும் உத்தரவாதம் கட்டித்தான் சரக்கை எடுக்க முடியும். காப்பீடு இருந்தால் அந்தத் தலைவலி காப்பீட்டாருக்குப் போகும். முழு இழப்புக்கு மட்டுமான மலிவுக் காப்பீட்டிலும் பொதுச் சராசரி அடங்குமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, வண்டி இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி வெயில்.

ஸ்கூட்டர் இன்ஜின் உடலுக்குள் மூடிக் கிடக்கிறது. 1946இல் முதல் வெஸ்பா வந்தபோதே இந்தப் பிரச்சினைக்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள்: இன்ஜினோடு சுற்றும் பிளைவீல் என்ற சக்கரத்தில் விசிறி வைத்து, தகட்டு உறை வழியாகக் காற்றைச் சிலிண்டர் மேல் அடிப்பது. இன்றும் காற்றுக் குளிர்ப்பு ஸ்கூட்டர்களில் அதேதான். பைக்கைப்போல வேகமாகப் போனால்தான் குளிரும் என்பது இல்லை, இன்ஜின் சுற்றினால் விசிறியும் சுற்றும். ஆனால் அந்த உறையில் ஒரு விரிசல் விழுந்தாலோ, ஒரு திருகு கழன்று இடைவெளி விட்டாலோ காற்று சிலிண்டருக்குப் போகாமல் வெளியே ஓடிவிடும். மிதமான வெயிலில் தெரியாது. 42 டிகிரியில் நன்றாகத் தெரியும். கிளம்பும் முன் உறையைக் கழற்றி, சிலிண்டர் துடுப்புகளுக்கு இடையில் அடைந்திருக்கும் எண்ணெயும் தூசியும் கலந்த அழுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டால் பாதிக் கவலை போச்சு. ரேடியேட்டர் உள்ள வண்டியென்றால் கூலன்ட்டை மாற்றி, விசிறி தானாக ஓடுகிறதா என்று வண்டியை நிறுத்திவைத்துச் சூடாக்கிப் பார்க்க வேண்டும்.

இருந்தாலும் கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜினைவிட எனக்குப் பயம் பெல்ட்டின் மேல்தான். இடதுபக்க மூடிக்குள், இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட் ஒன்று இரண்டு புல்லிகளுக்கு இடையே உராய்ந்துகொண்டே ஓடுகிறது. உராய்வு சூட்டோடு வெளிச்சூடும் சேர்ந்தால் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். அதைக் குளிர்விக்க முன் புல்லியிலேயே சின்ன இறக்கைகள் இருக்கும், ஒரு சின்ன ஃபில்டர் வழியாகக் காற்றை இழுக்கும். பல ஸ்கூட்டர்களில் அந்த ஃபில்டரை யாருமே திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு பாலைவனப் பகுதியைக் கடந்த பிறகு நான் என் வண்டியின் மூடியைத் திறந்தபோது உள்ளே சுவர் முழுக்கக் கருப்புப் பொடி, ஃபில்டர் நுரையில் மாவு போன்ற மணல், பெல்ட்டின் ஓரத்தில் நூல் பிசிறு. வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஓர் உதறல், உச்ச வேகத்தில் லேசான குறைவு, ஏற்றத்தில் தீய்ந்த ரப்பர் வாடை என்று அது முன்பே மூன்று விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

செங்குத்தான ஏற்றத்தில் முழுச் சுமையோடு மெதுவாக, முழு ஆக்சிலரேட்டரில் ஏறுவதுதான் பெல்ட்டுக்கு உச்சகட்டச் சித்திரவதை. அப்படி ஏறி முடித்ததும் கொஞ்ச தூரம் சமதளத்தில் லேசாக ஓட்டினால் உள்ளே காற்று ஓடிச் சூடு தணியும். உதிரி பெல்ட் ஒன்று கையில் இல்லாமல் நான் போவதில்லை. மாடலுக்கு மாடல் அளவு மாறும், போகிற நாட்டில் நம் மாடலே விற்காமல் இருக்கலாம். பெல்ட்டோடு ஒரு செட் ரோலர் (முன் புல்லிக்குள் இருக்கும் சின்ன உருளைகள்), புல்லியைப் பிடித்துக்கொள்ளும் கருவி, சரியான சாக்கெட். அந்தக் கருவி இல்லாவிட்டால் பெல்ட் இருந்தும் பயன் இல்லை. பெல்ட்டை மடித்துத் திணிக்காமல், இயல்பான வளையமாகவே வைக்க வேண்டும்.

அதையும் சீட்டுக்கு அடியில் உள்ள டிக்கியில் வைக்க வேண்டாம். இன்ஜினுக்கு நேர் மேலே இருக்கிறது அது. மாத்திரை, போன், பவர் பேங்க் எதுவும் அங்கே கூடாது. மழைக்கோட்டு, பஞ்சர் சாமான் இருக்கட்டும்.

ஆயிலைப் பற்றிச் சுருக்கமாக: சின்ன ஸ்கூட்டரில் மொத்தமே ஒரு லிட்டருக்குக் கீழேதான், அதனால் சீக்கிரம் சத்து போய்விடும். கையேட்டில் வெளிவெப்பத்துக்கு ஏற்ற அட்டவணை இருக்கும், அது அனுமதித்தால் 10டபிள்யூ-30க்குப் பதில், சூட்டில் சற்றுக் கெட்டியாக நிற்கும் 10டபிள்யூ-40. மாற்றும் இடைவெளியைப் பாதியாக்கிவிடுங்கள்.

டேங்கை வாய்வரை நிரப்பும் பழக்கத்தை விட வேண்டும். பெட்ரோல் ஒரு டிகிரிக்குச் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து 25 டிகிரியில் வரும் எட்டு லிட்டர், வெயிலில் 45ஐத் தொட்டால் 150 மில்லிக்கு மேல் கூடும். இடம் இல்லையென்றால் அது மூடி வழியாகச் சூடான இன்ஜின் பக்கம்தான் வழியும். டயர் காற்று நேர்மாறு: விடியற்காலையில், நிழலில், டயர் குளிர்ந்திருக்கும்போது மட்டும் பார்க்க வேண்டும். ஐந்தாறு டிகிரி ஏறினால் ஒரு பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தம் தானே ஏறும், மதியம் கூடிவிட்டதே என்று இறக்கிவிட்டால் டயர் அதிகமாக நெளிந்து இன்னும் சூடாகும்.

நண்பகலில் சைடு ஸ்டாண்டு போடும்போது ஒரு விஷயம். தார் இளகியிருக்கும். டீசல் லாரிகள் நிற்கும் ஓரங்களில் இன்னும் மோசம். வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ஸ்டாண்டின் நுனி மெழுகுபோன்ற தாருக்குள் ஓர் அங்குலம் இறங்கி, வண்டி சாய்ந்து, சாமான்களின் பாரம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஒரு தகர டப்பாவை மிதித்துத் தட்டையாக்கி நூல் கட்டி ஹேண்டிலில் தொங்கவிட்டிருக்கிறேன். ஸ்டாண்டுக்கு அடியில் அதைப் போட்டுவிட்டு நிறுத்துவேன், கிளம்பும்போது நூலைப் பிடித்து இழுத்துக்கொள்வேன்.

இதுவரை சொன்னதெல்லாம் வண்டிக்கு. வெயிலில் முதலில் கழன்றுபோவது ஓட்டுபவர்.

காற்று பட்டால் குளிரும் என்பது தோலைவிடக் காற்று குளிர்ச்சியாக இருக்கும்வரைதான். தோலின் வெப்பம் சுமார் 35. அதற்கு மேல் போனால் காற்று நம்மைச் சூடாக்கத் தொடங்கும், வேகமாகப் போகப் போக இன்னும் சூடாக்கும். காக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவது. 40க்கு மேற்பட்ட வறண்ட வெயிலில் வலைத்துணி ஜாக்கெட்டோ வெறும் டி-ஷர்ட்டோ போட்டால், தோலில் தங்கும் முன்பே வியர்வை பறந்துவிடும், உடல் தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். உள்ளே பருத்திச் சட்டையை நன்றாக நனைத்துப் போட்டு, மேலே ஜாக்கெட்டைப் பெரும்பாலும் மூடி, கையருகிலும் கழுத்தருகிலும் மட்டும் கொஞ்சம் திறந்து வைத்தால் அந்த ஈரம் மணிக்கணக்கில் மெதுவாக ஆவியாகும். பார்ப்பவர்கள் பைத்தியம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

புழுக்கமான கடலோரத்தில் இந்த வித்தை எடுபடாது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது, வழியத்தான் செய்யும். ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு, 35ஐத் தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஆளின் உடம்பாலும் சூட்டை வெளியேற்ற முடியாது. அதற்கு எவ்வளவோ கீழேயே ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் போட்டவர் திணறிவிடுவார். அங்கே வலைத்துணிதான் சரி, அதைவிடச் சரி ஓட்டாமல் இருப்பது. வெறும் 33 டிகிரிதானே என்று ஏமாறக் கூடாது.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் மணிக்கொரு முறை நின்று குடிப்பேன். கடும் வெயிலில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்க்கும், தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உப்பு குறைந்து அதுவே வேறு ஆபத்தாகும். ஓஆர்எஸ் பொட்டலம் இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு சமமட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடக் கூடாது. சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் அன்றைக்குக் குடித்தது போதவில்லை.

சூடு முதலில் பிடிப்பது புத்தியை. ஒரு முறை கிலோமீட்டர் பலகையைப் படித்தேன், அடுத்த பெட்ரோல் பங்க் எவ்வளவு தூரம் என்று கழித்துப் பார்க்க முயன்றேன், விடை வரவில்லை. மறுபடியும் கழித்தேன், மறுபடியும் வரவில்லை. அத்தோடு கண்ணில் பட்ட முதல் நிழலில் நிறுத்திவிட்டேன். கூட வருபவர் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ வாக்குவாதம் செய்யாமல் நிழலுக்குக் கூட்டிப் போங்கள். உடலின் உள்வெப்பம் 40ஐத் தாண்டி மனம் குழம்புவது வெப்பத் தாக்கு. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம், வியர்த்துக்கொண்டிருக்கும்போதே வரும். மருத்துவ உதவிக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை ஹெல்மெட், ஜாக்கெட்டைக் கழற்றி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஆகவே என் நாள் விடியும் முன் தொடங்கும், பதினொரு மணிக்குள் முடியும். மிச்சம் இருந்தால் நான்கு மணிக்குப் பிறகு. இரவில் ஓட்டினால் என்ன என்று தோன்றும், குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் பகல் சூட்டைத் தேக்கி வைத்திருக்கும் தாரில் மாடும் நாயும் ஒட்டகமும் வந்து படுத்துக்கொள்ளும். ஸ்கூட்டர் விளக்கு அவற்றை எட்டும்போது பிரேக் எட்டாது.

திரும்பும் வழிக்கு இரண்டே வேலை. ஒன்று கழுவுவது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளுக்குப் போகிற வண்டி என்றால் மட்கார்டுக்கு அடியிலும் ரேடியேட்டர் துடுப்பிலும் ஒட்டியிருக்கும் மண், விதை, செத்த பூச்சி வரை டார்ச் அடித்துத் தேடுவார்கள். பழைய டூத் பிரஷ்ஷும் பொறுமையும் வேண்டும். இன்னொன்று கார்னெட்டின் வெளியேற்ற முத்திரை. ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டால், வண்டி வெளியே போனதற்கே சான்று இல்லாமல் போய், அந்த நாட்டுச் சுங்கம் முழு வரியையும் சங்கத்திடம் கேட்கும், சங்கம் நம் டெபாசிட்டில் கை வைக்கும். முத்திரை, கையெழுத்து, தேதி மூன்றும் விழுந்ததைக் கண்ணால் பார்த்து, பக்கத்தைப் போட்டோ எடுத்த பிறகுதான் நான் கவுண்டரை விட்டு நகர்வது.